எல்லாருக்கும் என் நம்பர்

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது எரிந்தது. மீட்டிங்கில் யாராவது அவள் பெயரை எடுத்தால் போதும், இரண்டு காதும் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாகிவிடும். முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வேன். இதெல்லாம் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்திக்கு வரவேண்டிய வியாதியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வந்துவிட்டதே, என்ன செய்ய.

நாவலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. மற்ற கம்பெனிகளின் அலுவலகங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அலுவலகம் என்றால் கட்டடம் இல்லை. மெயில், ஃபைல், காலண்டர், மீட்டிங் என்று எல்லாமே இப்போது கிளவுடில் இருக்கிறதே, அதை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்குக் கணக்குத் திறப்பது, விலகிப்போனால் மூடுவது, யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று வைப்பது, பாஸ்வேர்டை மறந்து வெளியே நிற்பவரை உள்ளே விடுவது. சுருக்கமாகச் சொன்னால், பிறத்தியார் வீட்டுச் சாவிக்கொத்து என் இடுப்பில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கொத்தில் எனக்குப் பிடித்த சாவி பல்லாவரத்தில் இருந்தது. தோல் கையுறை, பெல்ட் எல்லாம் செய்து கப்பலில் அனுப்பும் கம்பெனி. ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்துகிறது. அங்கே கணக்கு வழக்கு பார்ப்பவரை நான் பாய் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இந்த வேலைக்கு வருவதற்கு முன் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதிலிருந்து டீச்சர்தான். அவர்களுடைய பழைய மெயிலைக் கிளவுடுக்கு ஏற்றியதே நான்தான். அன்றிலிருந்து அங்கே எது நின்றாலும் என் போன் அடிக்கும்.

காலையில் தாம்பரம் கிழக்கில் ஆபீஸ் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்காருவதற்குள் முதல் போன் வந்துவிடும். பெரும்பாலும் குடோனைப் பார்த்துக்கொள்கிற அண்ணன்.

"யக்கா, பூட்டுச்சுக்கா. ஸ்கிரீன்ல இன்னாவோ செவப்பா வருது, உள்ள வுட மாட்டேங்குது."

"கேப்ஸ் லாக் போட்டிருக்கீங்களாண்ணா?"

"அது இன்னாக்கா?"

வேனில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் லேப்டாப்பை மடியில் திறந்து, அவருக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் கேம்ப் ரோடு தாண்டிவிடும். "இவங்களோட ஒரே பேஜார்" என்று சத்தமாகச் சலித்துக்கொள்வேன். நகை போட்டவள் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிக்கொள்வாளே, அந்தச் சலிப்பு. ரம்ஜானுக்கு அங்கிருந்து டப்பாவில் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு நான் கேக் அனுப்புவேன். என் தங்கைக்குக்கூட அத்தனை பெரிய துண்டு வெட்டியதில்லை.

அப்போதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். சின்னப் பெண்ணாக இருந்திருந்தால் தேவலை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு என் வயது. சரியாகச் சொன்னால் என்னைவிட சில மாதம் பெரியவள். இருந்தும் முதல் நாளே "அக்கா" என்றாள். பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டு வெகுகாலம் குரோம்பேட்டையில் வீட்டோடு இருந்தவள், அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டாளாம். ஸ்கிரிப்ட் என்றால், நாம் கையால் ஒவ்வொன்றாகச் செய்கிற வேலையை இப்படி இப்படிச் செய் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, இயந்திரத்திடம் விட்டுவிடுவது. நானும் அதே வருடங்களில் அதே வேலையில்தான் இருந்தேன். கற்றுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் போன் வந்துகொண்டிருந்ததே.

ரயிலில் தாம்பரம் வந்து அதே வேனில், என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோள் சொல்ல மாட்டாள், சத்தமாகப் பேச மாட்டாள், ஜன்னலோரம் கேட்க மாட்டாள். அவள் கொண்டுவரும் புளிசாதத்தில் உப்பு குறைவு. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

பல்லாவரத்தில் புதிதாக ஒரு கூட்டமாக ஆட்களை எடுத்தார்கள். பழையபடி என்றால் பாய் பெயர்களை அனுப்புவார், நான் ஒவ்வொருவருக்காகக் கணக்குத் திறந்து, லைசென்ஸ் கொடுத்து, குழுவில் சேர்த்து, வாழ்த்து மெயில் போட்டு முடிக்க இரண்டு நாளாகும். நடுவில் அவர் நாலு தடவை போன் செய்வார். இந்த முறை அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பெயரை அவர்களே அங்கே நிரப்பினால் போதும், மிச்சம் எல்லாம் தானாக நடக்கும். மேனேஜர் டீ எடுத்துவரப் போனார், திரும்பி வந்தபோது எல்லாக் கணக்கும் திறந்திருந்தது. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாத்தீங்களா? இதுக்குப் பேர்தான் வேலை."

அப்படியானால் இத்தனை வருடம் நான் செய்ததற்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். காது கொதித்தது.

அதே மாதம் மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். பல்லாவரம் பெரிதாகிக்கொண்டு போகிறது, வருடக் கடைசியில் அதற்கென்று ஒருவரை மட்டும் வைக்கப் போகிறோம், மற்றவர் டிக்கெட் வரிசைக்குப் போகவேண்டியிருக்கும் என்றார். ஒருவர் என்று அவர் சொன்னபோது அவளைப் பார்த்தார், மற்றவர் என்றபோது ஜன்னலைப் பார்த்தார். டிக்கெட் வரிசை என்றால் ஊர் பேர் தெரியாத புகார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தீர்த்துவிட்டு மூடவேண்டும், அடுத்தது வரும். அங்கே யாரும் யாரையும் டீச்சர் என்று கூப்பிடமாட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். "வேலை குறைஞ்சா நல்லதுதானே, சம்பளமா குறையுது?" என்றார் என் வீட்டுக்காரர். இவரிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம். சுவர் பதில் பேசாது.

அடுத்ததாக அவள் கைவைத்தது பாஸ்வேர்டில். இனிமேல் மறந்துபோனவர்கள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மறந்துவிட்டேன் என்று திரையில் அழுத்தினால் அவரவர் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதைப் போட்டுத் தாங்களே புதுப் பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை முதல் அமல். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மற்றவர்கள் நோயாளிகளுக்காகவும் நாட்டுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே அவளுடைய ஸ்கிரிப்ட் ஒருமுறையாவது குப்புற விழட்டும் என்று விண்ணப்பம் பண்ணினேன். ஆமென் சொல்லும்போதுதான் சற்று வெட்கமாக இருந்தது.

ஆண்டவர் விழவைக்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று செய்தார். திங்கட்கிழமை காலை நான் வேனில் ஏறும்போது என் போனில் ஆறு இலக்கம் வந்து விழுந்தது. யாருடையது என்று யோசிப்பதற்குள் அழைப்பு.

"யக்கா, நம்பர் வந்துச்சா? சீக்கிரம் சொல்லுக்கா, லாரி நிக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் போன் நம்பர் கொடுப்பதற்கு ஒரு தனி வழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் பதிவுக்கு மாமனார் நம்பர், ரேஷன் கார்டில் மைத்துனர் நம்பர், பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டு நம்பர். தன்னுடையதைத் தவிர எல்லாருடையதையும் கொடுப்போம். பல்லாவரத்தை முதன்முதலில் கிளவுடில் ஏற்றியபோது ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மொபைல் நம்பர் கேட்டது. பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் தரமாட்டோம் என்றார்கள், வீட்டுக்காரர் திட்டுவாராம். ஆண்கள் எதற்கு வம்பு என்றார்கள். "டீச்சர், எல்லாத்துக்கும் ஒங்க நம்பரையே போட்டுடுங்க. நீங்க இருக்கீங்க, அப்புறம் என்ன?" என்றார் பாய். போட்டேன். கம்பெனி முழுக்க, எல்லாருக்கும், என் நம்பர்.

ஆக, அவளுடைய ஏற்பாடு அச்சுப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பல்லாவரத்தில் யார் எதை மறந்தாலும் ஆறு இலக்கம் என் கைக்குத்தான் வரும், அதைக் கேட்டு என்னைத்தான் கூப்பிடவேண்டும். முன்பு மறந்தால் ஒரு போன். இப்போது நம்பருக்கு ஒன்று, உள்ளே போய்விட்டேன் என்று சொல்ல இன்னொன்று. அவள் மீட்டிங்கில், ஜனங்கள் தாங்களாகவே பாஸ்வேர்ட் மாற்றிக்கொள்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினாள். மேனேஜர் தலையாட்டினார். மடியில் என் போன் அதிர்ந்தது. எழுந்து மாடிப்படிக்குப் போய், "சொல்லுங்க பாய், நாலு, ஏழு, ஏழு..." என்றேன். அத்தனை இனிப்பாக நான் எண்களை உச்சரித்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோதுகூட இல்லை.

சில வாரம் இப்படியே போயிற்று. நான் நன்றாகத் தூங்கினேன். அவளுடைய புளிசாதம்கூட ருசியாக இருந்தது.

ஒருநாள் வேன் நெரிசலில் நின்றபோது குடோன் அண்ணன் கூப்பிட்டார். அவர் குரல் வெளியே எல்லாருக்கும் கேட்கும் குரல். நான் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டு வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது ஓடிபியா?"

"ஆமா."

"அவருக்கு வர வேண்டியது உங்களுக்கு ஏன் வருது?"

சொன்னேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தே சொன்னேன். அவங்க என்மேல வெச்சிருக்கிற நம்பிக்கை அப்படி என்றும் சேர்த்துக்கொண்டேன். மேடவாக்கம் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க போன் தொலைஞ்சுதுன்னா, எடுத்தவன் அவங்க கம்பெனி மொத்தத்தையும் திறந்துடலாமேக்கா."

போனைப் பைக்குள் தள்ளிவிட்டு வெளியே பார்த்தேன். அவள் என் கையைத் தொட்டாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லலக்கா. நாமளே சரி பண்ணிடலாம்."

போட்டுக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வாய்ப்பையும் எனக்குத் தரவில்லை.

இருவரும் பல்லாவரம் போனோம். அத்தனை வருடத்தில் நான் அங்கே போனது மிகக் கொஞ்சம், எல்லாம் போனிலேயே வளர்ந்த உறவு. ஓரகத்தியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறவள் மாதிரி முன்னால் நடந்தேன். பாய் வாசலுக்கே வந்து, "வாங்க டீச்சர்" என்றார். அது அவள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

பேக்கிங் பகுதியில் அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவர்கள் தரமாட்டார்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் தன் டேப்லெட்டை முதல் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"உங்க நம்பரை நீங்களே அடிங்க. அடிச்சதும் மறைஞ்சிடும், யாரும் பாக்க முடியாது. நானும் பாக்கல."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணாமூச்சியில் எண்ணுகிற பிள்ளை மாதிரி அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துப் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதல் பெண் அடித்தாள். அடுத்தவள் வாங்கிக்கொண்டாள். ஒருத்தர் விடாமல் அடித்தார்கள். வீட்டுக்காரர் திட்டுவார் என்று என்னிடம் சொன்னவளும் அடித்தாள். குடோன் அண்ணன் தன் நம்பரை அடித்ததோடு, "இந்தாம்மா, கரீட்டா கீதான்னு பாரு" என்று அவளிடமே காட்டவும் செய்தார். பத்து நிமிட வேலை. எனக்கு அந்த யோசனை வரவில்லையா, வரவேண்டாம் என்று இருந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

பாய் டீயும் சமோசாவும் வரவழைத்தார். சரக்கு கப்பல் ஏறியதும் வாங்குகிறவர்களுக்குத் தானாக மெயில் போகிற மாதிரி செய்ய முடியுமா என்று அவளிடம் கேட்டார். முடியும் என்றாள். அப்படியென்றால் இதுவும் முடியுமா, அதுவும் முடியுமா என்று அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். நான் சமோசாவைத் தின்றேன். சூடு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் ஆபீஸில் அவள் ஸ்கிரிப்டைத் தயாராக வைத்திருந்தாள். ஓட்டினால் எல்லாக் கணக்கிலிருந்தும் என் நம்பர் போய், அவரவர் நம்பர் ஏறிவிடும். ஓட்டுவதற்கு அந்தக் கம்பெனியின் தலைமைக் கணக்கில் நுழையவேண்டும். அதற்கும் ஆறு இலக்கம் உண்டு. அதுவும் என் போனுக்குத்தான் வரும்.

"அக்கா, நம்பர் வந்துச்சா?"

வந்திருந்தது. நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். என்னை வெளியேற்றுவதற்கு என்னிடமே சாவி கேட்கிறாள். "இன்னும் வரல" என்றேன். "சிக்னல் இல்ல போல." அவள் காத்திருந்தாள். நேரம் கடந்து அது செல்லாமல் போயிற்று. மறுபடி அனுப்பினாள். மறுபடி என் கையில் அதிர்ந்தது, இந்த முறை சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கீபோர்டின்மேல் விரலை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் எத்தனை தடவை இருக்க முடியும் என்று நினைத்தேன். ஆறு இலக்கத்தையும் சொன்னேன்.

பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. எனக்குத் தெரிந்த பெயர்கள், எந்தப் பெயர் எந்தக் கிழமையில் எதை மறக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

வருடக் கடைசிவரை மேனேஜர் காத்திருக்கவில்லை. பல்லாவரம் அவளுக்கு, டிக்கெட் வரிசை எனக்கு. சம்பளம் குறையவில்லை, என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். ஒரு நாளைக்கு எத்தனையோ புகார்களை மூடுகிறேன். வேனில் இப்போது லேப்டாப்பைத் திறப்பதில்லை. காலையில் போனை எடுத்துப் பார்ப்பேன், மறுபடி பையில் போடுவேன், சிக்னல் இருக்கிறதா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

போன வாரம் மாலை வேன் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. என் போன் அடித்தது. பாய். அவசரத்தில் எடுக்கும்போது டிபன் டப்பா பையிலிருந்து கீழே உருண்டது. ஏதோ நின்றுபோயிருக்கிறது, அவளுடைய ஏற்பாடு விழுந்துவிட்டது, என்னைத் தேடுகிறார்கள் என்று ஒரு நொடியில் எல்லாம் கட்டிவிட்டேன்.

"சொல்லுங்க பாய்! என்னாச்சு? யாரு மாட்டிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா இருக்கீங்களா? அந்த மேடம் பக்கத்துல இருக்காங்களா? ரொம்ப நேரமா அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கறாங்க."

அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. கொடுத்தேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லுங்க பாய்" என்றாள். பிறகு சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. சிக்னல் விழுந்து, வேன் நகர்ந்து, மறுபடி நின்றது. என் போனைத் திரும்ப வாங்குவதற்காக நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் திரையைத் துப்பட்டாவால் துடைத்துத் தந்தாள்.

"என்னவாம்? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன். இருக்கவேண்டும் என்று உள்ளே துடித்தது.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் கூப்பிட்டாராம்."

அத்தனை வருடத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடச் சும்மா கூப்பிட்டதில்லை.